புண்ணாக்கு சாரின் கறவைக் கணக்கு

பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் இடையில், மாட்டுக்கு முதலில் மரியாதை செய்துவிட்டு மாட்டுக்காரரை அப்புறம் கவனித்த அரசாங்க ஊழியர் ஒருவர்தான் இருந்தார். அவர்தான் எங்கள் புண்ணாக்கு சார். வேறு ஒருவரும் இருந்தார் என்று யாராவது கடிதம் எழுதினால் நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. பசுவோ எருமையோ எதிரே வந்தால் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஸ்தோத்திரம்" என்பார். ஆவடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். மாடு பதில் சொல்லாவிட்டாலும் வருத்தப்பட மாட்டார். மேலதிகாரிக்கு வணக்கம் வைக்க மறந்துபோய் மெமோ வாங்கியவரும் இவரேதான்.

எழுபதுகளின் தொடக்கம். நான் பூந்தமல்லியில் ஓர் அலுவலகத்தில் கிராம சேவிகா. புகையில்லா அடுப்பு, குழந்தைக்குச் சத்துமாவு என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுவது என் வேலை. ஒருநாள் ஓர் உத்தரவு வந்தது. சென்னீர்குப்பத்துக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு சிற்றூரில் கறவை மாடு வைத்திருக்கும் முப்பது பெண்களுக்கு நான்கு மாதப் பயிற்சி. பயிற்சி தேறினால் அவர்களுக்கென்றே ஒரு பால் சங்கம். பாடம் நடத்தப் புண்ணாக்கு சார், ஒருங்கிணைக்க நான்.

"ஒருங்கிணைக்கிறதுன்னா என்ன சார் செய்யணும்?" என்று எங்கள் மேனேஜரைக் கேட்டேன்.

"அந்த ஆள் காணாமப் போயிடாம பார்த்துக்கணும்மா. அவ்வளவுதான்."

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று முதல் நாளே பூந்தமல்லி பஸ் நிலையத்தில் தெரிந்தது. சாரின் கால்சட்டைப் பையில் எப்போதும் கடலைப் புண்ணாக்கு இருக்கும். அதை மோப்பம் பிடித்த ஒரு பசு, அவர் பின்னாலேயே வந்து பஸ் படியில் முன்னங்காலையும் வைத்துவிட்டது. கண்டக்டர் கத்தினார்: "யோவ், மாட்டுக்கும் சேத்து டிக்கெட்டு எட்தியா?" சார் கண்டக்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாட்டைப் பார்த்து, "மன்னிக்கணும், இது கிளாஸுக்கு வெச்சிருக்கேன்" என்று தாழ்மையாகச் சொன்னார். பஸ் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. சென்னீர்குப்பம் வரை நடந்தோம்.

முதல் வகுப்புக்குப் பெண்களைத்தான் வரச் சொல்லியிருந்தோம். வந்து உட்கார்ந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். மாடு எங்கள் பேரில் இருக்கிறது, பயிற்சியும் எங்களுக்குத்தான் என்றார்கள். பெண்கள் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றார்கள். சார் கோபப்படவில்லை. "ரொம்ப சந்தோஷம். ஒரே ஒரு கேள்வி. உங்க மாட்டுக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்து கறந்தா உதைக்கும்?" என்று கேட்டார்.

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு தைரியசாலி, "ரெண்டு பக்கமும்" என்றார். வேப்பமரத்தடியில் சிரிப்பு வெடித்தது. "இன்னாயா, பீச்சாங்கை பக்கம்தானே ஒதைக்கும்! பத்து வருசமா எம்மாம் ஒதை வாங்கிகினு கீறேன், உனுக்குத் தெரியாதா?" என்றாள் அவருடைய மனைவி குப்பம்மா. சார் ஆண்களைக் கும்பிட்டு டீக்கடைக்கு அனுப்பிவைத்தார். மாட்டுக்குப் புல் அறுப்பது, சாணி அள்ளுவது, கறப்பது எல்லாம் பெண்கள். கறந்த பாலை இரண்டு கேன் கட்டிய சைக்கிளில் வந்து வாங்கிப்போகிறவர் வைத்ததுதான் விலை. அந்தக் காசும் டீக்கடைப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சங்கம் வந்தால் காசு அவரவர் கையில் விழும். அதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

பெண்கள் ஒரு வாரம் வாயே திறக்கவில்லை. இவர்களுடைய மாட்டுக்கு எது நல்ல தீவனம் என்று கோட் போட்ட ஒரு மனிதர் வந்து சொல்வதாவது! சார் பையிலிருந்து புண்ணாக்கை எடுத்து, கடுக்கென்று ஒரு கடி கடித்து மென்று, "இது நல்லது" என்றார். கடையில் வாங்கிய இன்னொன்றைக் கடித்துத் துப்பி, "இதுல மணல். இதைத்தான் நீங்க அதுங்களுக்குக் கொடுக்கறீங்க" என்றார். அன்றைக்கு வைத்த பெயர்தான் புண்ணாக்கு சார். அவருடைய உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

காலை பத்து மணி வகுப்புக்கு ஆள் வரவில்லை. பகல் இரண்டு மணிக்கு எருமைகளை ஏரியில் இறக்கிவிட்டுக் கரையில் புல் அறுக்கும்போதுதான் அவர்களுக்கு ஓய்வு. சரி, வகுப்பு ஏரிக்கு வரட்டும் என்றார் சார். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நின்று, ஓர் எருமையின் மேல் கரும்பலகையைச் சாய்த்துவைத்து, மடி கழுவும் முறையை எழுத ஆரம்பித்தார். மூன்றாவது வரியில் எருமை சுகமாகப் படுத்துவிட்டது. அன்றைய பாடம் பலகையோடு தண்ணீரில் இறங்கிப்போயிற்று. "பரவாயில்லை, அவங்களுக்கும் வெயில்தானே" என்றார் எருமையைப் பார்த்து.

இப்படிச் சிரிக்கச் சிரிக்கப் பாடம் ஏறத்தான் செய்தது. குடிக்கத் தண்ணீர் எந்நேரமும் தொட்டியில் நிற்க வேண்டும், புண்ணாக்கை ஊறவைத்துக் கொடுக்க வேண்டும், விரலை மடக்கி இழுக்காமல் முழுக் கையால் கறக்க வேண்டும், பூச்சிமருந்து தவறக் கூடாது என்பதையெல்லாம் பெண்கள் அவரையே மிஞ்சும்படி பேசத் தொடங்கினார்கள்.

ஆனால் அலுவலகம் கேட்டது பேச்சை அல்ல, படிவத்தை. ஒவ்வொரு மாடும் எவ்வளவு கறக்கிறது என்று மாதாமாதம் எழுதியனுப்ப வேண்டும். நானும் சாரும் வீடு வீடாகப் போனோம்.

"எத்தனை படிம்மா கறக்குது?"

"இன்னாத்த கறக்குது டீச்சரம்மா. ஏதோ புள்ளைங்க வாய நனைக்க ஆவுது" என்றாள் குப்பம்மா. அவள் பின்னால் கல்தூண் மாதிரி ஒரு பசு நின்றது. அடுத்த வீட்டு ரோசம்மாவுக்கும் குப்பம்மாவுக்கும் வேலித் தகராறில் பேச்சு நின்று பல வருஷம். ரோசம்மா, "எங்க ஊட்ல காப்பிக்கே பத்தல. ஆனா குப்பம்மா மாடு கீதே, பம்புசெட்டு மாரி ஊத்துது!" என்றாள். குப்பம்மாவிடம் திரும்பிப் போனால் ரோசம்மாவின் எருமைதான் பம்புசெட்டு. அவரவர் சொன்னதைக் கூட்டினால் அந்த ஊர் மாடுகள் செத்து ஒரு மாதம் ஆகியிருக்க வேண்டும். அடுத்த வீட்டுக்காரி சொன்னதைக் கூட்டினால் சென்னப்பட்டணம் முழுக்க அந்த ஊரே பால் ஊற்றலாம்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "வாயைத் திறந்தா பொய் சார்" என்றேன்.

"பொய் இல்ல சிஸ்டர். பயம். நல்லா இருக்குன்னு வாயால சொன்னா கண்ணு பட்டுடும்னு பயம். பெத்த குழந்தையை யாராவது கொழுகொழுன்னு இருக்குன்னு சொல்லுவாங்களா? நோஞ்சான்னுதானே சொல்லுவாங்க" என்றார். அவருக்குக் கண்ணேறு, கழிப்பு எதிலும் துளி நம்பிக்கை கிடையாது. ஆனாலும் படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டார். "பாத்திரத்தைப் பாருங்க. போன மாசம் செம்புல கறந்தவங்க இப்ப குண்டான்ல கறக்கறாங்க. முந்தானையால மூடிகிட்டுப் போறாங்க. கணக்கு அதுலயே இருக்கு" என்றார். படிவத்தில் குண்டானுக்குக் கட்டம் இல்லையே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

மூன்றாம் மாதம் காலிக் கட்டங்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, நகரத்திலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். சங்கம் உண்டா இல்லையா என்பது அவர் எழுதப்போகும் அறிக்கையில் இருந்தது. பெண்கள் மனம்விட்டுப் பேசட்டும் என்று சாரை டீக்கடைக்கு அனுப்பிவிட்டுக் கேட்டார்.

"பயிற்சி எப்படிம்மா போகுது?"

"ஏதோ போய்க்கினு கீது சார்."

"சார் நல்லா சொல்லித் தராரா?"

"சுமாரு."

"பால் கூடியிருக்கா?"

"எங்க சார்! முன்ன மாரியேதான்."

குப்பம்மாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். அவள் அதைப் புரிந்துகொண்டவள் போல முன்னால் வந்து, "அது ஒரு மாரியான ஆளு சார். மாட்டாண்ட பேசிக்கினே கீது. புண்ணாக்கு துன்னுது" என்று சொல்லி முடித்தாள். அதிகாரி அதைத்தான் நீளமாக எழுதிக்கொண்டார்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. பயனாளிகளுக்குப் பயன் ஏதுமில்லை. பயிற்சி இந்த மாதத்தோடு நிறுத்தம். சங்கத்துக்குப் பரிந்துரை இல்லை. பயிற்சியாளர் திரும்பிப் போகலாம். சார் அதை இரண்டு தடவை படித்தார்.

"எல்லாருமா சுமாருன்னு சொன்னாங்க?"

"எல்லாரும்தான் சார்."

"ஒருத்தர்கூட நல்ல மனுஷன்னு சொல்லலையே?"

"இல்லை சார்" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகமெல்லாம் சிரிப்பு. "முதல் மாசம் என்னைத் தங்கமான மனுஷன்னு சத்தமா சொன்னாங்க சிஸ்டர், ஞாபகம் இருக்கா? நான் யாரோ, அதனால சொன்னாங்க. இப்ப என்னையும் அவங்க மாட்டோட சேர்த்துட்டாங்க." மேல்முறையீடு எழுதுங்கள் என்றேன். "இதை எப்படி மனுவுல எழுதறது?" என்று கேட்டுவிட்டு மேசையை ஒழிக்க ஆரம்பித்தார்.

நான் விடுவதாக இல்லை. அன்று பிற்பகலே ஏரிக்கரைக்குப் போய் அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். பெண்கள் புல்லைக் கீழே போட்டுவிட்டுத் திகைத்து நின்றார்கள்.

"இன்னா டீச்சரம்மா இப்டி சொல்றே? நல்லா கீறாருன்னு ஜீப்புக்காரன் கைல சொன்னா அவரைத் தூக்கினு போய் வேற ஊருக்குக் குட்த்துட மாட்டானா? அதுக்குத்தானே அடக்கி வாசிச்சோம்!" என்றாள் ரோசம்மா.

"நீங்க அடக்கி வாசிச்சதுக்குத்தான் இப்ப தூக்கறாங்க."

குப்பம்மா அரிவாளைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "அந்த ஜீப்பு ஆளு மறுக்கா எப்ப வரும்?" என்று கேட்டாள்.

அந்த வியாழக்கிழமை அவருக்கு எங்கள் அலுவலகத்தில் கூட்டம். முப்பது பெண்களும் நெடுஞ்சாலையோரமாக நடந்தே பூந்தமல்லி வந்து, கூட்டத்துக்குள் நுழைந்து வரிசையாக நின்றார்கள். அதிகாரிக்கு எரிச்சல். "நீங்கதானேம்மா சுமாருன்னு சொன்னீங்க? பால் கூடலைன்னும் சொன்னீங்க. நான் கேட்டதை எழுதினேன். இப்ப என்ன?"

சார் மூலையில் தன் பெட்டியோடு நின்றார். பெண்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்கு எது கஷ்டம் என்று அந்த அறையில் இருந்த மற்றவர்களுக்குத் தெரியாது. பெற்ற தாயிடமும் சொல்லாத ஒன்றை, பேச்சுவார்த்தையில்லாத அடுத்த வீட்டுக்காரியை வைத்துக்கொண்டு, முப்பது ஜோடிக் கண்ணுக்கு முன்னால் சொல்ல வேண்டும். அந்த மாடு போனால் குடும்பமே போயிற்று.

குப்பம்மா ஒரு முறை ரோசம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அதிகாரியைப் பார்த்தாள்.

"எம் மாடு மூணரைப் படி கறக்குது சார். முன்ன இவுரு வரச்சொல்ல ரெண்டு படி. இப்ப மூணரை. கங்கையம்மா மேல சத்தியம்."

இதைச் சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அடுத்த கணம் ரோசம்மா அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "என் எருமை நாலு சார். நான் பொய் சொல்லினு இருந்தேன். நாலு." அப்புறம் யாரும் தயங்கவில்லை. ரெண்டே முக்கால், மூணு, நாலே கால் என்று மூன்று மாதமாக முந்தானைக்குள் இருந்த கணக்கு முழுவதும் அந்த அறையில் கொட்டியது. அதிகாரி பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். நானும் எழுதினேன். எதிரே காகிதம் சரியாகத் தெரியவில்லை.

அப்போது மூலையிலிருந்து ஓர் அலறல். புண்ணாக்கு சார் பெட்டியைப் போட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பெண்களுக்கு முன்னால் ஓடி வந்தார்.

"போதும்! போதும்மா! யாரும் சொல்லாதீங்க! கண்ணு பட்டுடும்!"

கூட்டமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மூன்று மாதம் இந்தக் கணக்கைக் கேட்டு வீடு வீடாக அலைந்த மனிதர், எழுதிக்கொண்டிருந்த அதிகாரியின் காகிதத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றார். அதிகாரி அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டு, பயிற்சியை நீட்டித்தும் சங்கத்துக்குப் பரிந்துரைத்தும் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

சார் அதைப் படிக்கக்கூட நிற்கவில்லை. மாடுகளுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று பெண்களுக்கு முன்னால் ஊரை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு கொட்டில் விடாமல் உள்ளே போய், ஒவ்வொரு மாட்டின் மூக்கையும் மடியையும் தொட்டுப் பார்த்தார். எல்லாம் சுகம் என்று தெரிந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. முப்பது வீடும் அவர் பின்னாலேயே நடந்ததில் என் செருப்பு அறுந்துவிட்டது. இன்னும் முப்பது வீடு இருந்தாலும் வெறுங்காலோடு அவருடன் நடந்திருப்பேன்.