நாலு மூளைப் பெட்டியும் முன் நாற்காலியும்

இரண்டாயிரத்து எட்டாம் வருஷத்து ஆடி மழையில் தலை முதல் கால் வரை நனைந்தபடி, பொகவந்தலாவை பஜாரில் கொழும்பு பஸ்ஸிலிருந்து கணேசமூர்த்தி இறங்கினார். உடம்புதான் நனைந்திருந்தது, மனசுக்குள் ஒரு தீர்மானம் கொதித்துக்கொண்டிருந்தது. இன்றோடு கடையின் முன் நாற்காலி அவருக்கு!

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஊர் ஜனம் போன் பேச, கொப்பி எடுக்க, கடிதம் தட்ட வருகிற கொமினிகேஷன் கடை அவருடையது. பலகையில் கொட்டை எழுத்தில் அவர் பெயர். ஆனால் வருகிறவர்களை "வாங்க, என்ன வேணும்?" என்று கேட்கிற நாற்காலியில் இருந்தவள் அவர் மனைவி வினோதா. காரணம், கடையிலிருந்த ஒரே கொம்பியூட்டர். இருப்பதிலேயே மலிவான புரொசசர் போட்ட சின்னப் பெட்டி. அதைச் சீட்டுக் கட்டி வாங்கியவளும் அவள், தட்டத் தெரிந்தவளும் அவள். முதலாளி ஐயாவுக்குப் பின்னறையில் போட்டோக்கொப்பி மெஷினும் ஒரு முக்காலியும். அந்த முக்காலிக்கும் ஒரு கால் ஆட்டம்.

பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் மூச்சுப் பிடித்து இறக்கிக் கொடுத்தது ஒரு சர்வர். கொழும்பில் ஒரு கம்பனி கழித்துப் போட்டது. அங்கே மெஷின் பார்க்கிற திலக்ஷன், வினோதாவுக்குத் தம்பி முறை, அவன்தான் காட்டினான். கணேசமூர்த்தி பார்த்தார், மயங்கினார், தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மேசையில் வைத்துச் சுவிட்சைப் போட்டதும் கடையே அதிர்ந்தது. தேயிலை பெக்டரியில் கொழுந்து வாட்டுகிற காற்றாடியைத் திறந்துவிட்ட மாதிரி ஓர் இரைச்சல். பச்சை விளக்குகள் வரிசையாகக் கண் விழித்தன. கணேசமூர்த்தி தன்னை அறியாமல் செருப்பைக் கழற்றினார்.

"என்னங்க இது, ஐஸ் பெட்டியா?"

"சர்வர் புள்ள, சர்வர்! உள்ள ரெண்டு புரொசசர். ஒவ்வொன்னுலயும் ரெண்டு மூளை. ஆக நாலு. ஒன் பெட்டியில ஒத்த மூளை. அதுவும் நோஞ்சான்."

"நாலும் ஒன்னோட ஒன்னு சண்ட போட்டுக்காதா?"

"நம்ம வீடா அது? வேலையப் பங்கு போட்டுக்கும். நூறு பேரு ஒரே நேரத்துல வேல குடுத்தாலும் அசராது. மெமரியில ஒரு சின்னத் தப்பு வந்தா, யாரும் சொல்லாமலே திருத்திக்கும். ராப்பகலா வருஷக்கணக்கா ஓடும். நிறுத்தவே கூடாது!"

"நிறுத்தவே கூடாதா?" வினோதாவின் கண்கள் அகன்றன. பெட்டியின் பின்புறமாகப் போய்க் கையை நீட்டிப் பார்த்தாள். "அப்பா!" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் பார்க்கத் தவம் கிடந்த முகம் அது. பிரமிப்பு! அந்தப் போதையில் வாயை விட்டார்.

"போட்டி வெச்சுக்குவோமா? எந்தப் பெட்டி மொதல்ல வேலய முடிக்குதோ, அந்த ஆளுக்கு முன் நாற்காலி. தோத்த ஆளு ஆயுசுக்கும் பின்னறை."

"ஆயுசுக்குமா?"

"ஆயுசுக்கும்!"

"சரிங்க."

இவ்வளவு சுருக்காக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. மனுஷன் அங்கேயே விழித்திருக்க வேண்டும். விழிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, குடையை உதறிக்கொண்டு கோயில் தலைவர் மாயாண்டி வந்தார். மாரியம்மன் திருவிழா நோட்டீஸ், ஒரே பக்கம். வினோதா அதைத் தட்டி, மேலே அம்மன் படம் வைத்து, இரண்டு பெட்டியிலும் போட்டுவிட்டாள்.

"தட்டுறதுல நான் வேகம். அது ஒங்களுக்கு அநியாயம்ல? அதனால நோட்டீஸத் தெறக்குறது மட்டுந்தான் போட்டி. அம்மன் எந்தப் பெட்டியில மொதல்ல தெரியுறாளோ, அது கெலிச்சது."

என்ன நியாயம் என்று உருகிப்போனார் கணேசமூர்த்தி.

"ஒன்னே ஒன்னுங்க. ரெண்டையும் நிறுத்திட்டுத் தொடங்குவோம். மழக் காலத்துல கரண்டு போய்ப் போய்த்தானே வருது?"

அதற்கும் தலையாட்டினார். இரண்டு சுவிட்சும் ஒன்றாக விழுந்தன. சர்வர் கர்ஜித்தது. விளக்குகள் ஓடின, நின்றன, மறுபடி ஓடின. திரையில் எண்கள் ஒவ்வொன்றாக ஏறின.

"என்ன மருமகனே பண்ணுது?" என்று எட்டிப் பார்த்தார் மாயாண்டி.

"பெரட்டு எடுக்குது மாமா. மெமரி எல்லாம் வந்திருச்சா, டிஸ்க் எல்லாம் வந்திருச்சான்னு பேர் கூப்புட்டுப் பாக்குது. பெரிய எடம்ல?"

"அது பேர் கூப்புட்டு முடிக்கிறதுக்குள்ள கொழுந்து முத்திரும் போலயே!"

முத்திவிட்டது. வினோதாவின் சின்னப் பெட்டியில் மாரியம்மன் சிரித்தாள். மாயாண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"செல்லாது! இது இன்னும் முழிக்கல. முழிச்ச பொறகு திரும்ப வைப்போம்!" என்றார் கணேசமூர்த்தி.

வைத்தார்கள். இரண்டும் விழித்திருக்க, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தட்ட, சின்னப் பெட்டியில் அம்மன் ஒரு கண்ணிமைப்பு முந்தியே வந்துவிட்டாள்.

"நாலு மூளை இருக்குதே! எப்புடி?"

"ஒத்தத் தேயில மரத்துக்கு நாலு பேர நிறுத்தினா, நாலு மடங்கு சுருக்காவா பறிப்பாங்க?" என்றாள் வினோதா. "ஒருத்திதான் பறிப்பா, கழிச்சுப் போட்ட பெட்டியில அவளும் வயசானவ. மத்த மூனு பேரும் கூடையோட வாய் பாப்பாங்க. ஒரே ஆளு வேலன்னா என் பெட்டி போதும். ஒங்க பெட்டிக்கு ஒரு மலையையே குடுக்கணுங்க. அப்ப இது பக்கத்துல நிக்க என் பெட்டிக்கு யோக்கியத இல்ல."

தோற்கடித்தவள் வாயால் அப்படி ஒரு புகழ்ச்சி! கணேசமூர்த்தி சர்வரின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"திருப்பி அனுப்பிரட்டுமா?" என்றார் மெதுவாக.

"ஐயோ, ஏன்? பின்னறையில இருக்கட்டும். நிறுத்தவே கூடாதுன்னீங்களே, ஓடட்டும்."

அன்றைக்கு வினோதா அவர் கண்ணுக்குக் கோயில் படத்திலிருந்து இறங்கி வந்தவளாகத் தெரிந்தாள்.

மறுநாள் காலை பின்னறைக் கதவைத் திறந்தவருக்குச் சர்வர் கண்ணில் படவில்லை. இரைச்சல் மட்டும் வந்தது. குறுக்கும் நெடுக்கும் கயிறு. கயிறு முழுக்க வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டைகள், இடையிடையே பாவாடை, கால்சட்டை. சட்டைகளை விலக்கிக்கொண்டு போனால், நாலு மூளையும் சேர்ந்து பின்பக்கமாகச் சூட்டை ஊதிக்கொண்டிருந்தன. சட்டைகள் உப்பி, கை வீசி ஆடின.

முன்னால் ராசம்மாவின் குரல். பக்கத்துத் தோட்டத்து லயத்தில் குடியிருப்பவள். "எம் புள்ளைங்க உடுப்பு காஞ்சிருச்சா வினோதா? வெயிலக் கண்ணால கண்டு எவ்வளவு நாளாச்சு. ஈர உடுப்போட எப்புடிப் பள்ளிக்கூடம் அனுப்புறது?"

"கமகமன்னு காஞ்சிருச்சுக்கா. நாளைக்குப் போர்வையையும் கொண்டாங்க."

காசு மேசை லாச்சிக்குள் விழுகிற சத்தம். ராசம்மாவுக்குப் பின்னால் வாளியும் கையுமாகப் பஜார் வரைக்கும் ஒரு வரிசை.

"அடியே! அது சர்வருடி!" என்று கத்தினார் கணேசமூர்த்தி, ஒரு பாவாடைக்குப் பின்னாலிருந்து.

"தெரியுங்க. கழிச்சுப் போட்டதுலயே எது ரொம்பச் சூடாகுதோ, அத அத்தான் கண்ணுல காட்டுன்னு திலக்ஷன்கிட்ட சொன்னதே நான்தான். நான் கேட்டா வாங்கியா குடுத்திருப்பீங்க? நீங்களே ஆசப்பட்டதால சொமந்துக்கிட்டே வந்தீங்க."

கணேசமூர்த்திக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

முன் நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"சும்மா நிக்காம அந்த நீலக் கால்சட்டையத் திருப்பிப் போடுங்க. இடுப்புப் பக்கம் இன்னும் ஈரமா இருக்கு."