மலாயா அண்ணாச்சி ஆற்றுக்கு அழைத்துப் போன டேப்பிர்

தென்காசி தொடங்கிப் புளியறை வரைக்கும் பயம் என்பதையே அறியாத ஒரே மனிதர் மலாயா அண்ணாச்சிதான். அவர் பங்குப் பயத்தையும் சேர்த்து நானே பட்டுத் தீர்த்தேன்.

ஐம்பதுகளின் கடைசியில், குற்றாலத்தில் சாரல் சீசனுக்குப் போட்ட மிருகக்காட்சிக் கொட்டகையில் மைக் பிடித்துக் கூவுவது என் உத்தியோகம். அண்ணாச்சி மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து திரும்பியவர். டேப்பிர் என்கிற அந்த நாட்டுக் காட்டு மிருகத்துக்கு அவர்தான் காவல். உடம்பெல்லாம் கறுப்பு, இடுப்பில் வேட்டி சுற்றியது போல வெள்ளை, யானைக்கு வைத்ததில் மிச்சம் விழுந்த துண்டு மாதிரி ஒரு மூக்கு.

“யானைக்கும் பன்றிக்கும் பிறந்த அதிசயம்!” என்று கூவினேன். கூண்டுக்குள்ளிருந்து அண்ணாச்சி சீறினார்.

“ஏலே, யாரப் பாத்துப் பன்னிங்குத? குதிரையும் காண்டாமிருகமும் இதுக்குச் சொந்தக்காரங்க. வாய அலம்பிட்டுப் பேசு!”

வம்பு குளியலில் வந்தது. தினமும் அதை ஆற்றுக்குக் கூட்டிப் போனவரை முதலாளி தடுத்தார்.

“ஓசியிலே பாத்துட்டா எவன்யா டிக்கெட் எடுப்பான்?”

“தண்ணிக்குள்ள நின்னாத்தான் அதுக்கு வெளிக்கே போவும், முதலாளி. வயிறு கல்லாட்டம் கெடக்கு. செத்துரும்.”

“கூண்டைத் திறந்தா உமக்கு வேலை கிடையாது.”

“வேலைய நீரே வச்சுக்கிடும்.”

திறந்துவிட்டார். நடுப்பகல், கடைத்தெரு, எண்ணெய் வழியும் சீசன் கூட்டம். நடுவே மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி டேப்பிர். “போய்ப் பிடிச்சிட்டு வாடா!” என்று முதலாளி என்னை விரட்டினார். நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது அது ஆற்றில் இறங்கி, அப்படியே முங்கிவிட்டது.

“ஐயோ, முங்கிச் செத்துட்டு!” என்று அலறிக்கொண்டு, நீச்சல் தெரியாது என்பது ஞாபகம் வருமுன் குதித்தேன். காலுக்கடியில் தரை நடந்தது. அது ஆற்றடியில் நடந்துகொண்டிருந்தது. நான் அதன் முதுகில்! மார்பளவுத் தண்ணீரில் உயிரை விடப் பார்த்த என்னை அண்ணாச்சி தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார்.

“அங்கன பாருலே, மூக்க மட்டும் வெளிய நீட்டி மூச்சு விடுதுல்லா? ஒனக்குத்தான் மூக்கு பத்தல.”

பிறகு அதன் வயிறு இறங்கியது. கீழே சீயக்காயோடு குளித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைக்கூட அலசாமல் கரையேறி ஓடினார்கள். அண்ணாச்சி முகத்தில் பேரன் பிறந்த சந்தோஷம்.

சாயங்காலம், “வெளியே போம்” என்றார் முதலாளி. அண்ணாச்சி கூண்டுக்குள் போய், டேப்பிர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“உள்ள வந்து வெளியேத்தும்.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மைக்கைப் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து குளியல் தடையில்லாமல் நடந்தது. அண்ணாச்சி சீட்டியடிப்பார்; அத்தனை பெரிய உடம்பிலிருந்து குருவிக் குரலில் ஒரு சீட்டி பதிலுக்கு வரும்; டேப்பிர் எழுந்து நடக்கும். பின்னாலேயே, பயந்துகொண்டே, துண்டும் எண்ணெய்க் கிண்ணமுமாக நானும் போவேன். கூப்பிட்டது என்னை அல்ல என்று தெரியும். போகாமல் இருக்க முடிந்ததில்லை.