பன்னிரண்டு பேருக்கு ஒரு சீசன்

"ஆகஸ்ட்டுதான்! அருவி கொட்டுற மாசம்!" என்று சொரிமுத்து தீர்ப்புச் சொல்லி வாயை மூடவில்லை, தம்பி செல்வம் டீ கிளாஸைத் தரையில் வைத்துவிட்டான்.

"அட்டை இருக்கும்ணே."

"என்ன அட்டைல?"

"ரத்தம் குடிக்கிற அட்டை. மழைக்காலத்துல கால் வைக்கிற இடமெல்லாம் அதுதானாம். சட்டைக்குள்ள ஏறுனாலும் தெரியாதாம். எம் பொண்டாட்டி பிள்ளைகளை நான் அனுப்ப மாட்டேன்."

"யாருல சொன்னது?"

"ஊருக்கே தெரிஞ்சதுதான்."

சொரிமுத்துவின் மனைவி இசக்கிசெல்வி, கொழுந்தனின் கிளாஸில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள்.

சொரிமுத்துவுக்குச் சுருக்கென்றது. தாராவியில் முப்பது வருஷமாகத் தார்ப்பாய்க் கடை வைத்திருப்பவர் அவர். மழை எப்போது வரும், எப்போது விடும் என்று கூரை போடுகிற மேஸ்திரிகள் அவரிடம் வந்துதான் கேட்பார்கள். அப்படிப்பட்டவருக்கு சீசன் சொல்லித்தர ஒரு லேத் பட்டறைக்காரன்!

இதெல்லாம் ஆரம்பித்தது ஜூன் கடைசியில். மழைக்கு முன்னால் சூடாக நடக்கிற நீலத் தார்ப்பாய் வியாபாரம் கடையில் ஓய்ந்திருந்தது. மகன் மஸ்கட்டில் வேலையில் இருந்தான். சஹ்யாத்ரி மலையில் இருக்கிற தேசியப் பூங்காவில், காட்டிலாகா முகாமில், டென்ட்டுக்குள் இரண்டு நாள் தங்கிவிட்டு வரலாம் என்று இசக்கிசெல்விதான் பேச்சை எடுத்தாள். எடுத்த அரை மணி நேரத்தில் சொரிமுத்து பன்னிரண்டு பேரைச் சேர்த்துவிட்டார். செல்வம் வீட்டில் நாலு பேர், திலக் நகரில் இருக்கும் தங்கை முத்துமாரி வீட்டில் நாலு பேர், பக்கத்துக் கடை ஜெயினுலாப்தீன் பாயும் அவர் மனைவி சபுராவும், அப்புறம் இவர்கள் இரண்டு பேர். சொரிமுத்துவுக்கு ஆள் கூடாமல் எதுவும் ருசிக்காது. கல்யாணமான மறுவாரம் மாத்தேரான் மலைக்குப் போனபோதே கூட ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு போனவர். அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

"சரி, அட்டை வேண்டாம். அக்டோபர்!" என்றார். "மழை விட்டிருக்கும். மலையெல்லாம் பூ. இப்ப என்ன சொல்லுத?"

செல்வம் யோசித்தான். "அக்டோபர்னா வாரேன்."

சொரிமுத்து தொடையைத் தட்டிக்கொண்டார். 'மலை டிரிப்' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கிப் பன்னிரண்டு பேரையும் சேர்த்தார். இரண்டு நாள் நிம்மதியாகப் போயிற்று. மூன்றாம் நாள் முத்துமாரி போன் செய்தாள்.

"அண்ணே, அக்டோபர்ல பாம்பாம்லா?"

"காடுன்னா பாம்பு இருக்கத்தான செய்யும்?"

"அப்படி இல்ல. மழை விட்டதும் வெயில் காய அதுக எல்லாம் வெளிய வருமாம். டென்ட்டுக்கு ஜிப்பை இழுத்து மூடுனா வெளிய உள்ளது உள்ள வராது, சரி. உள்ள உள்ளது எப்படி வெளிய போகும்? நீங்க போயிட்டு வாங்க, நாங்க வரல."

சொரிமுத்து போனை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். இசக்கிசெல்வி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"முத்துமாரிகிட்ட நீயாவது எடுத்துச் சொல்லேன்."

"நேத்துக்கூட ஒரு மணி நேரம் பேசினேங்க. பயப்படுதாங்க, பாவம்."

ஒரு இரவு முழுக்க யோசித்தார். காலையில் எழுந்தபோது முகத்தில் வெளிச்சம். டிசம்பர்! அட்டை கிடையாது. குளிருக்குப் பாம்பு பொந்தை விட்டு வராது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. செல்வம் சரி என்றான், முத்துமாரியும் இறங்கி வந்தாள். சொரிமுத்து கடை வாசலில் நின்று, பக்கத்தில் தன் பெல்ட் கடைக்கு வந்துகொண்டிருந்த ஜெயினுலாப்தீன் பாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"பாய், டிசம்பர்! பக்கா!"

பாய் முகம் தொங்கிவிட்டது.

"டிசம்பரா அண்ணாச்சி? எனக்கு வீசிங்லா. அங்க எட்டு டிகிரியாம். காலையில எந்திரிச்சா மூக்கு இருக்கான்னு தொட்டுத்தான் பாக்கணுமாம். சபுரா விடவே மாட்டா."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வீட்டுல பொம்பளைங்க பேசிக்கிட்டாங்க."

பாய் இல்லாமல் போவதா? முப்பது வருஷப் பக்கத்துக் கடை! சொரிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு ஏப்ரலுக்கு மாற்றினார். பாய்க்கு ஏப்ரல் சரி. ஆனால் அன்று சாயங்காலமே செல்வமும் முத்துமாரியும் ஒன்றாகச் சேர்ந்து வந்து நின்றார்கள்.

"ஏப்ரல்ல ஓடையெல்லாம் வத்திருமாம்ணே. சிறுத்தை தண்ணி தேடிக்கிட்டு முகாமுக்கே வருமாம்."

"சிறுத்தை வந்தா நமக்கென்னல? அது தண்ணியக் குடிச்சிட்டுப் போகும்."

"தண்ணியோட போகுமா?" என்றாள் முத்துமாரி.

அதற்குப் பிறகு குரூப்பில் நடந்தது பேச்சே அல்ல. பாய் குளிர் வேண்டாம் என்றார். முத்துமாரி அக்டோபர் என்ற சொல்லையே யாரும் எழுதக் கூடாது என்றாள். செல்வம் ஒரு அட்டைப் பூச்சிப் படத்தை மண்டை ஓட்டுப் படத்தோடு சேர்த்து அனுப்பினான். சொரிமுத்து சமாதானம் செய்யப் போய் பிப்ரவரி என்றார். பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று இரண்டு வீட்டிலிருந்தும் சண்டைக்கு வந்தார்கள். செப்டம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணிக்குச் செல்வம் குரூப்பை விட்டு வெளியேறினான். பின்னாலேயே அவன் வீடு. பன்னிரண்டு மணிக்கு முத்துமாரி வீடு. ஒரு மணிக்கு, சலாம் சொல்லிவிட்டு, பாயும் சபுராவும்.

மிச்சம் இரண்டு பேர். ஒருவர் சொரிமுத்து. இன்னொருத்தி எதிரில் உட்கார்ந்து அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"கலாஸ்! எல்லாம் போச்சு. டிரிப்பும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

"அவங்க வரலைன்னா உங்க கணக்கு தப்புன்னு ஆயிருமா?" என்றாள் இசக்கிசெல்வி. "எந்த சீசன் சரின்னு நீங்க நினைக்கீங்க? யாருக்காகவும் இல்லாம, நீங்க?"

சொரிமுத்து கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் வைத்தார். இத்தனை மாதத்தில் இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

"டிசம்பர்தான்! சந்தேகமே இல்ல. தார்ப்பாய்க்காரன் சொல்லுதேன்!"

"அப்பம் போய்க் காட்டுங்க."

அவள் காலண்டரைக் கொண்டுவந்து டிசம்பர் தாளைத் திருப்பிப் பிடித்தாள். அவள் பெருவிரலுக்குப் பக்கத்தில் இரண்டாம் சனிக்கிழமை இருந்தது. சொரிமுத்து அதன் மேல் ஓங்கி ஒரு குத்து குத்தினார். "இந்தத் தேதி! எவன் தடுக்கான்னு பாப்போம்!"

முகாமுக்குப் போன் பேசுவது முதலிலிருந்தே இசக்கிசெல்வி வேலைதான். தாராவியில் பிறந்து வளர்ந்தவள். அவள் மராத்தி தண்ணீர் போல ஓடும்.

டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் மலையில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். வானம் துடைத்து வைத்த மாதிரி நீலமாக இருந்தது. புல் பொன் நிறத்தில் அசைந்தது. வெயில் உறைக்கவில்லை, காற்று மட்டும் ஸ்வெட்டருக்குள் வந்து விசாரித்துவிட்டுப் போயிற்று. சொரிமுத்து நடு ரோட்டில் நின்று பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு வீடியோ எடுத்தார்.

"ஏல செல்வம், பாத்துக்கோ, என் கால்! எங்கல அட்டை? முத்துமாரி, பாம்பு எங்கம்மா? பாய், இந்தா இருக்கு என் மூக்கு, பத்திரமா இருக்கு!"

"நான்தான் சொன்னேம்லா, நீங்க சொன்னா சரியா இருக்கும்னு," என்றாள் இசக்கிசெல்வி. அவள் தலையில் மல்லிகைப்பூ இருந்தது. காட்டுக்குப் போகிறவள் எதற்குப் பூ வைத்தாள் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் அழகாக இருந்தாள். வெகு நாளைக்குப் பிறகு அதைக் கவனித்தார். ஏதோ ஒரு தைரியத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நடு ரோட்டில்! சுற்றிலும் பார்க்க ஆள் இல்லை. ஆள் இல்லாததும் ஒரு சுகம்தான் போலிருக்கிறது என்று ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு முதல்முறையாகப் பட்டது.

ஜெயித்த நடையில் முகாம் வாசலுக்குப் போனார். தடித்த நோட்டுடன் ஒரு காவலாளி உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும்தான் சொரிமுத்துவுக்குச் சங்கடம் வந்தது. கையைக் கூப்பி, தனக்குத் தெரிந்த பம்பாய் இந்தியில் சொன்னார்:

"மாஃப் கரோ, மன்னிச்சிருங்க. பன்னிரண்டு பேருக்குச் சொல்லி வச்சிருந்தோம். பத்துப் பேர் கடைசியில காலை வாரிட்டாங்க. எங்களுக்காகப் போட்ட டென்ட்டெல்லாம் வீணாப் போச்சு. குறை நினைக்காதீங்க."

காவலாளி நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். இசக்கிசெல்விக்கு எதிர் மலையில் திடீரென்று ஏதோ பார்க்க வேண்டியிருந்தது.

"பன்னிரண்டு பேரா? இல்லையே சேட், ஜூன் மாசமே மேடம் போன் பண்ணி, இதே தேதிக்கு ரெண்டு பேர் தங்குற டென்ட் ஒண்ணே ஒண்ணு புக் பண்ணிட்டு, எந்தெந்த மாசத்துல எதெதுக்குப் பயப்படணும்னும் கேட்டு எழுதிக்கிட்டாங்களே!"