பம்பரத்தை ஏன் அனுப்ப முடியாது என்றால்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும், சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இங்கே நான், உன் தம்பி பெண்டாட்டி, குழந்தை மூவரும் சுகம். உன் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உன் கடிதம் கிடைத்தது. விடுமுறைக்குப் பம்பரத்தை என்னிடம் அனுப்பு, ஒரே மாதத்தில் நாற்காலியில் உட்காரவைத்துக் காட்டுகிறேன் என்று எழுதியிருந்தாய். பிள்ளைகளை உட்காரவைப்பதில் உன் திறமையை நான் சந்தேகப்படுவேனா? நீ ஓய்வு பெறும் வரைக்கும் உன் வகுப்பில் மின்விசிறியின் சத்தம் மட்டும்தான் கேட்கும் என்று உன்னோடு வேலை பார்த்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் பதில் எழுத இவ்வளவு தயங்கினேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓரிடத்தில் நிற்காமல் சுற்றுவதால் பம்பரம் என்று நாம் பெயர் வைத்த குழந்தையை அனுப்ப முடியாது. கடிதத்தைக் கசக்கிவிடாதே, ஏன் என்று எழுதுகிறேன், ஒரு டீ போட்டு வைத்துக்கொண்டு படி.

வருடத் தொடக்கத்தில் ஒருநாள் வகுப்பு டீச்சர் போன் செய்து உடனே வரச் சொன்னார். நான் அப்போது ஒரு கட்டடத்தில் லிஃப்டுக்கு அடியிலுள்ள குழிக்குள் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கை கழுவக்கூடத் தோன்றாமல் முழங்கை வரை கிரீஸோடு ஓடினேன். டீச்சர் நல்லவர், ஆனால் களைத்துப்போயிருந்தார். வகுப்பில் பிள்ளைகள் அத்தனை பேர். “உங்க பொண்ணு தங்கமான பொண்ணு சார். ஆனா நாற்காலியில இல்ல” என்றார். அப்படியானால் எங்கே இருக்கிறாள் என்று கேட்டேன். “அதைத்தான் சார் நானும் நாள் முழுக்கப் பார்த்துக்கிட்டே இருக்கேன்” என்றார். எழுத உட்கார்ந்தால் பென்சில் கீழே விழுகிறதாம், பென்சிலை எடுக்கக் குனிந்தால் மேஜைக்கு அடியில் ஒரு எறும்பு தெரிகிறதாம், எறும்போடு போனவள் திரும்பி வருவதற்குள் பாடம் முடிந்துவிடுகிறதாம். பக்கத்து வகுப்பில் பாட்டு என்றால் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறாளாம். இப்படியே போனால் அரையாண்டுக்குப் பிறகு வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும்படி தலைமையாசிரியை சொல்லச் சொன்னதாக டீச்சர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

திரும்பி நடந்து வரும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்துத்தான் வந்தாள். நடுவில் ஓரிடத்தில் நின்று, “அப்பா, நான் கெட்ட பொண்ணா?” என்று கேட்டாள். அக்கா, நான் எத்தனை மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்திருக்கிறேன், ஒருநாளும் கீழே பார்க்கப் பயந்ததில்லை. அன்றைக்குத் தரையில் நின்றபடி அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தேன்.

டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் அவசரப்படாமல் பல தடவை வரவழைத்துப் பேசி, விளையாடவிட்டுப் பார்த்து, பள்ளியிலும் விசாரித்துத்தான் சொன்னார். ஏ.டி.எச்.டி. என்று பெயராம், கவனமும் உடம்பும் ஓரிடத்தில் நிற்காதாம். மூளை வேலை செய்யும் விதம் கொஞ்சம் வேறு, வளர்ப்பில் வந்த கோளாறு இல்லை, அவள் வேண்டுமென்று செய்வதும் இல்லை என்றார். உன் தம்பி பெண்டாட்டி சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் குழந்தைக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, “நீ கெட்ட பொண்ணு இல்லடா. உன் மூளை ரொம்ப வேகமான மூளை. அதை எப்படி ஓட்டறதுன்னு நீயும் கத்துக்கணும், நாங்களும் கத்துக்கணும்” என்றாள். பம்பரம் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, பசிக்கிறது என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. டாக்டர் பள்ளிக்கு எழுதினார், பள்ளியும் ஒரு ஆலோசகர் அம்மாவை வரவழைத்து டீச்சர்களுக்கும் பெற்றோருக்கும் ஒன்றாகவே ஒருநாள் பயிற்சி வைத்தது. எல்லாரும் குழந்தைகளின் நாற்காலியில்தான் உட்கார வேண்டியிருந்தது, அந்த அம்மா வேண்டுமென்றே செய்தாரோ என்னவோ, அரைமணியில் டீச்சர்கள் உட்பட ஒருவராலும் நெளியாமல் இருக்க முடியவில்லை. பல பள்ளிகளில் செய்து பார்த்து, பலன் இருக்கிறது என்று ஆராய்ச்சியில் தெரிந்தவற்றை மட்டும் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். நாலு வேலையைச் சேர்த்துச் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்வது, அன்றைக்கு என்னென்ன நடக்கும் என்பதைப் படமாக மாட்டிவைப்பது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் முன் சொல்லி எச்சரிப்பது, நடுநடுவே உடம்பை அசைக்கவிடுவது, நல்லது செய்தால் அந்த நிமிடமே இன்னது நல்லது என்று குறிப்பிட்டுப் பாராட்டுவது. எல்லாப் பிள்ளைக்கும் எல்லாம் பலிக்காது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் செய்து பாருங்கள் என்று முடித்தார். முடிப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன் போலிருக்கிறது, அந்தக் கடைசி வாக்கியம் என் காதில் விழவில்லை. மறுநாள் காலையில் எல்லாவற்றையும் சேர்த்து ஆரம்பித்துவிட்டேன்.

படம் நானே வரைந்தேன். நான் வரைவேனா என்று நீ சிரிப்பது கேட்கிறது. பல் துலக்கும் படத்தில் ஒரு ஆள் முதலையோடு சண்டை போடுவது போலவும், குளிக்கும் படத்தில் யாரையோ அண்டாவில் வேகவைப்பது போலவும் வந்துவிட்டது. குழந்தை பார்த்துவிட்டுக் குளிக்க மாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். பிறகு அவளே எல்லாவற்றையும் மறுபடி வரைந்தாள், அதில் என்னையும் சேர்த்திருந்தாள், ஈரத் துண்டைக் கட்டிலில் போடாதே என்று எனக்கு ஒரு படம். அவளுக்கு வேலை செய்ததோ இல்லையோ, எனக்கு வேலை செய்தது. அடுத்து மணியடிக்கும் கடிகாரம். எழுத ஒரு மணி, எழுந்திருக்க ஒரு மணி என்று வீட்டில் ஏகப்பட்ட மணி வைத்ததில், எது எதற்கு என்று தெரியாமல் உன் தம்பி பெண்டாட்டி அடுப்பை அணைத்துவிட்டு எழுத உட்கார்ந்தாள். உடம்பை அசைப்பதற்குப் பம்பரமும் நானும் கூடத்தில் தவளை போலத் தாவினோம். கீழ் வீட்டில் இருப்பது ராத்திரி ஷிப்டு பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் நர்ஸ். தூக்கக் கண்ணோடு படியேறி வந்து, மேலே யாருக்காவது வலிப்பா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் கோபித்துக்கொள்ளவில்லை. சுவரைக் கையால் தள்ளச் சொல்லுங்கள், படியில் ஏறி இறங்கச் சொல்லுங்கள், உடம்புக்கு வேலையும் ஆகும், எனக்குத் தூக்கமும் ஆகும் என்றார். இப்போது எங்கள் வீட்டுச் சுவர் தினமும் தள்ளப்படுகிறது. இதுவரை நகரவில்லை.

பாராட்டு விஷயத்திலும் நான் ஒரு கட்டுப்பாடு இல்லாமல்தான் இறங்கினேன். பழக்கமாகட்டும் என்று வேலையிடத்திலும் ஆரம்பித்தேன். என்னோடு வேலை பார்க்கும் மூத்த மெக்கானிக்கிடம், “அண்ணே, ஸ்பேனரை எடுத்த இடத்துலயே வெச்சீங்க பாருங்க, அது ரொம்ப நல்லா இருந்துச்சு” என்றேன். மனிதர் ஸ்பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாயங்காலம் தனியாகக் கூப்பிட்டு, டாக்டர் ஏதாவது சொன்னாரா, எவ்வளவு நாள் கெடு வைத்திருக்கிறார் என்று கண் கலங்கக் கேட்டார்.

பள்ளியில் டீச்சரும் சும்மா இல்லை. பம்பரத்தை ஜன்னல் ஓரத்திலிருந்து தன் மேஜைக்குப் பக்கத்தில் மாற்றினார். அவள் நெளிய ஆரம்பித்தால் கொஞ்சம் புத்தகத்தைக் கையில் கொடுத்து ஆபீசில் வைத்துவிட்டு வரச் சொன்னார். நல்ல யோசனை, நடந்துவிட்டு வந்தால் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். ஆனால் ஆபீசில் இருந்தவருக்கு விஷயம் தெரியாது. ஓடியாடும் பெண் கிடைத்தாள் என்று அவர் ஒரு தாளைக் கொடுத்து மாடிக்கு அனுப்பினார், மாடி டீச்சர் சாக்பீஸ் கேட்டு அனுப்பினார், அதற்குள் இன்னொருவர் சாவியைக் கொடுத்தார். பள்ளிக்கூடத்துத் தபால் முழுக்க இவள் கையில்தான் போய்வருகிறது என்பது தெரிவதற்குள் கணக்குப் பாடம் இவளுக்கு ஒரு வாரமாக நடக்கவே இல்லை. டீச்சர் எனக்குப் போன் செய்து தானே சிரித்துவிட்டார். அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் ஒரே கட்சி என்று எனக்குத் தோன்றியது. இனிமேல் வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்காமல், இரண்டு இடத்திலும் ஒரே விஷயத்தைச் செய்து பார்ப்போம், பலித்தால் வைத்துக்கொள்வோம், இல்லையென்றால் விட்டுவிடுவோம் என்று பேசிக்கொண்டோம். ஆலோசகர் அம்மா சொன்ன கடைசி வாக்கியம் அதுதானாம், டீச்சர் சொல்லித்தான் தெரியும்.

மெல்ல மெல்லப் பரவாயில்லை என்று ஆகும்போது பள்ளிக் கண்காட்சி வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பொருள் செய்து, வந்தவர்களுக்கு நின்று விளக்க வேண்டும். அரையாண்டும் நெருங்கிவிட்டது, தலைமையாசிரியை எல்லா மேஜைக்கும் வருவார். பம்பரம் அட்டையில் ஒரு லிஃப்ட் செய்தாள். ஒரு பக்கம் பெட்டி, மறுபக்கம் அதற்குச் சமமான எடை, நடுவில் நூல். நான் கத்தரிக்கோல் மட்டும்தான் பிடித்தேன், சத்தியம். முந்தின நாளே டீச்சர் அவளைக் கண்காட்சி நடக்கும் கூடத்துக்கு அழைத்துப்போய், நீ நிற்கும் இடம் இது, ஆட்கள் இந்த வழியாக வருவார்கள் என்று காட்டிவைத்தார். எல்லாம் யோசித்தோம் அக்கா, ஒலிபெருக்கியைத் தவிர. ஆட்கள் வர ஆரம்பித்த நேரத்தில் யாரோ மைக்கைப் போட, அது காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு கீச்சு கீச்சியது. பம்பரம் தன் மேஜையருகே இல்லை. வந்தவர்கள் எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பெயரைச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தேன், உன் தம்பி பெண்டாட்டி என் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

நூலக அறையில், பெரிய மேஜைக்கு அடியில் இருந்தாள். டீச்சர் எங்களுக்கு முன்னால் போய்விட்டார். கண்காட்சிக்கென்று மடிப்புக் கலையாத புடவை கட்டியிருந்தவர், அப்படியே தரையில் உட்கார்ந்து மேஜைக்கு அடியில் நகர்ந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வா என்று சொல்லவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. அவள் மூச்சு அடங்கியபிறகு, “வெளிய வரணும்னு கட்டாயம் இல்லடா. இங்கேயே இருந்து சொல்லலாம். உன் லிஃப்டை எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?” என்றார். அவள் யோசித்து, “ஒவ்வொருத்தரா வரச் சொல்வீங்களா?” என்று கேட்டாள்.

ஒவ்வொருவராகத்தான் வந்தார்கள். முதலில் நான் போனேன், என் உயரத்துக்கு மேஜையின் கீழ்ப்பலகை நன்றாகவே வேலை கொடுத்தது, புடைப்பு இன்னும் இருக்கிறது. பிறகு வேறு பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தவழ்ந்து போய்க் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். கூடத்தில் இருந்த கூட்டம் நூலக வாசலில் வரிசையாக நிற்க ஆரம்பித்தது. வரிசை எதற்கு என்று விசாரித்துக்கொண்டு தலைமையாசிரியையே வந்தார். டீச்சரைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பம்பரம் பெட்டியை ஏற்றி இறக்கிக் காட்டினாள். கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். “பிரேக் பிடிச்சுக்கும் மேடம். லிஃப்ட் அப்படியே நின்னுடும். உள்ள இருக்கறவங்களுக்குப் பயமா இருக்கும். அப்ப வெளிய இருக்கறவங்க கத்தக் கூடாது, நாங்க இருக்கோம்னு மெதுவா சொல்லிக்கிட்டே இருக்கணும்” என்றாள். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் எப்படிப் பேசுவோம் என்று நான் எப்போதோ வீட்டில் சொன்னது. தலைமையாசிரியை அந்தப் பெட்டியைத் தானே ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

பிறகு எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. முட்டி பிடித்துக்கொண்டது. “இருங்க மேடம், மறுபக்கம் வெயிட் வேணும். அப்பா, நீங்க அந்தப் பக்கம் பிடிங்க” என்று பம்பரம் உள்ளேயிருந்து உத்தரவு போட்டாள். நானும் டீச்சரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மெதுவாக வெளியே எடுத்தோம். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு அவர் என்னிடம், “வேற பள்ளிக்கூடம்னு நான் ஏதோ சொல்லி அனுப்பினேன் இல்ல, அதை மறந்துடுங்க” என்றார். அடுத்த வாரமே எல்லா டீச்சர்களுக்கும் மறுபடி ஒரு பயிற்சி வைக்க ஆலோசகர் அம்மாவைக் கூப்பிட்டாராம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான், பொய்யாகிவிடும். நேற்றுகூடத் தண்ணீர் பாட்டிலைத் தொலைத்துவிட்டு, அதைத் தேடப்போன இடத்தில் ஒரு செருப்பையும் விட்டுவிட்டு வந்தாள். ஆனால் இப்போது பள்ளிக்குப் போகமாட்டேன் என்று வயிற்றைப் பிடித்துக்கொள்வதில்லை. கணக்கை நின்றுகொண்டு போடுகிறாள், நின்றுகொண்டு போட்டாலும் விடை சரியாகவே வருகிறது. ஆகவே அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. புது இடம், புதுப் பழக்கம், நாள் முழுக்க அசையாத நாற்காலி எல்லாம் அவளுக்குத் தாங்காது. இவ்வளவு பாடுபட்டு வரிசைக்கு வந்தது கலைந்துவிடும். குழந்தையின் நன்மைக்காக, தீர யோசித்து, நானும் உன் தம்பி பெண்டாட்டியும் எடுத்த முடிவு இது. இதில் மாற்றம் இல்லை.

அத்தானை வெந்நீரில் ஆவி பிடிக்கச் சொல். நீ மாடிப்படி ஏறாதே. உன் கோபம் நாலு நாளில் ஆறிவிடும் என்ற தைரியத்தில் முடிக்கிறேன். எங்கிருந்தாலும் உன் ஆசீர்வாதம் எங்கள் மூவர் மேலும் இருக்கட்டும்.

உன் பிரியமுள்ள,
தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கவர் தேடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பம்பரம் நாற்காலியில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்துக்கொண்டிருக்கிறாள். அசையவே இல்லை, நான் பயந்துபோனேன். படித்து முடித்துவிட்டு, “அத்தை வீட்டுக்குப் போகமாட்டேன்னு நான் எப்ப சொன்னேன்? என்னை யாரு கேட்டீங்க?” என்றாள். நான் அவள் அம்மாவைப் பார்த்தேன், அவள் அம்மா என்னைப் பார்த்தாள். உண்மையிலேயே நாங்கள் கேட்கவில்லை அக்கா. துணியெல்லாம் எடுத்து வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் அழைத்துக்கொண்டு வருகிறேன். மேலே எழுதியது எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, என்ன வேண்டுமோ அவளையே கேட்டுக்கொள்.