மாற்றாத பவுண்ஸ்

லண்டனிலிருந்து வரும் விருந்தாளிகளில் ஒரு சாதி உண்டு. பணப்பை கொழுத்திருக்கும், உள்ளே பவுண்ஸ் மடிப்புக் குலையாமல் படுத்திருக்கும், ஆனால் வந்திறங்கிய நாட்டில் ஒரு தேத்தண்ணி வாங்க வழியிருக்காது. பாவம்!

டென்மார்க்கின் ஒடென்சேயில் முதியோரைப் பராமரிக்கும் வேலை பார்க்கும் சாரங்கிக்கு இந்தக் கோடையில் வாய்த்தவர், பெரியம்மாவின் மகன் யோகராஜா. பஸ்ஸில் ஏறினாலும், மிருகக்காட்சிசாலை வாசலில் நின்றாலும், ஐஸ்கிரீம் கடைக்குள் நுழைந்தாலும், அண்ணை பணப்பையை எடுப்பார், விரிப்பார், நோட்டுகளை எல்லோருக்கும் தரிசனம் காட்டுவார், பிறகு பெருமூச்சு விடுவார்.

"பவுண்ஸ்தான் கிடக்கு தங்கச்சி. மாத்தேல்லை."

கார்ட்?

"அது இஞ்சை வேலை செய்யாது. என்ரை பாங்க் அப்பிடி."

அவர் சொல்லி முடிப்பதற்குள் சாரங்கியின் கார்ட் 'பீப்' என்று பாடிவிடும். அண்ணன்தானே என்று அவளும் சிரிப்பாள். மாதக் கடைசி நெருங்க நெருங்கச் சிரிப்பு சுருங்கிக்கொண்டே வந்தது.

கடைசி நாள் உணவகத்தில், "இண்டைக்கு என்ரை செலவு!" என்று பக்கத்து மேசைக்கும் கேட்க அறிவித்தார். இறைச்சி வந்தது. மீன் வந்தது. இனிப்பு இரண்டு தரம் வந்தது. பில்லும் வந்தது. அண்ணையின் கை சட்டைப்பையை நோக்கிப் புறப்பட்டது. நத்தை முந்தியிருக்கும். யாராவது பாய்ந்து தடுக்க வேண்டாமா? பில்லுக்கு மல்லுக்கட்டாத தமிழரும் உண்டா?

சாரங்கியின் கையும் பழக்கதோஷத்தில் எழும்பியது. மகள் மேனுஜா அதைப் பிடித்து மடியில் அமுக்கி, "அவரே குடுக்கட்டும் அம்மா" என்று டேனிஷில் முணுமுணுத்தாள்.

"பிள்ளை என்ன சொல்லுறாள்?"

"மாமா தங்கமாம்" என்றாள் சாரங்கி. "நீங்களே குடுங்கோ அண்ணை."

அண்ணை பவுண்ஸை நீட்டினார். பரிமாறிய பெண் தலையாட்டி மறுத்தாள். கார்டை எடுத்தார், முகத்தில் சாவு வீட்டுக் களை. "இது வேலை செய்யாது பிள்ளை..."

பீப்.

எத்தனை இனிமையான சத்தம்! அண்ணை கார்டையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். சாரங்கிக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டென்மார்க் மெஷின்," என்றார் அண்ணை மெல்ல, "திறம் மெஷின்தான்."

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன தடவை நீங்கள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தபோது, பில் வந்ததும் திடீரென்று கை கழுவப் போனீர்களே, அவ்வளவு நேரம் என்னத்தைக் கழுவினீர்கள்?