பூஜ்யத்துக்குப் பூஜ்யம்

முதல் மேட்ச்சின் பன்னிரண்டாவது நிமிடத்தில் கோல்கீப்பர் படுத்துக்கொண்டார்.

அடி எதுவும் படவில்லை. பந்து அப்போது மைதானத்தின் மறுகோடியில் இருந்தது. அவர் பாட்டுக்குக் கையுறைகளைக் கழற்றித் தலைக்கு வைத்து, ஒருக்களித்துப் படுத்துவிட்டார். அணியின் மேனேஜர் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"என்னப்பா ஆச்சு? கால் பிசகிடுச்சா?"

"இல்ல சார்." கோல்கீப்பர் கண்ணைத் திறக்காமலே பேசினார். "புல்லு மெத்துமெத்துன்னு இருக்கு. இடுப்புக்கிட்ட மட்டும் லேசா அமுங்குது. மத்தபடி குறை சொல்ல முடியாது."

மேனேஜருக்கு மெய்சிலிர்த்தது. மைதானத்தை இத்தனை நுணுக்கமாகக் கவனிக்கிற ஆட்டக்காரரை அவர் பார்த்ததே இல்லை. உண்மையைச் சொன்னால், எந்த ஆட்டக்காரரையுமே அவர் கிட்டத்தில் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருடமாக அவர் ஒரு மெத்தைத் தொழிற்சாலையின் ஸ்டோர் கீப்பர். கம்பெனிப் பெயர் போட்ட சட்டையோடு பதினோரு பேர் ஓடினால் மெத்தை விற்பனை எகிறும் என்று யாரோ முதலாளியின் காதில் ஓதிவிட்டார்கள். முதலாளி உடனே ஒரு தொழில்முறை அணியை ஆரம்பித்து, "நம்ம ஸ்டோர் கீப்பரையே மேனேஜரா போட்டுடலாம். ஒரு குண்டூசி தொலைஞ்சாக்கூட விடமாட்டாரு" என்று சொல்லிவிட்டார்.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. எது வந்தாலும் ஆபீஸ் சீட்டோடு வரும். எண்ணிக்கை சரி, கையெழுத்து சரி என்றால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான், மேலே கேள்வி கேட்கக் கூடாது. பஞ்சுக்கும் அதே கதை, ஆளுக்கும் அதே கதை. பதினோரு பேர் சீட்டோடு வந்தார்கள். ஸ்டோர் கீப்பர் இரண்டு தடவை எண்ணினார், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

அவருக்கு உள்ளுக்குள் ஒரே ஒரு ஆசைதான். சின்ன வயதில் தெருப் பையன்கள் ஆடும்போது சாக்கடையில் விழுந்த பந்தை எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. ஒரு நாள்கூட அவரை ஆட்டத்தில் சேர்த்ததில்லை. ஆகவே இப்போது தன் அணி ஒரு கோல் போட வேண்டும். ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை. தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு கோல்.

அன்றைக்கு அது நடக்கவில்லை. ஆனால் வேறொன்று நடந்தது. ஆள் விழுந்து கிடந்தால் எதிரணி பந்தை வெளியே அடித்துவிடுவது கால்பந்தில் ஒரு மரியாதை. எதிரணிக்காரர்கள் நல்ல பிள்ளைகள். கோல்கீப்பர் கிடப்பதைப் பார்த்துப் பந்தை வெளியே அடித்தார்கள். திரும்பி வந்தால் தடுப்பாட்டக்காரர்கள் இரண்டு பேர் கிடந்தார்கள். மறுபடி வெளியே. நடுவரும் எத்தனை பேரைத்தான் தட்டித் தட்டிப் பார்ப்பார்? கடைசியில் ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று முடிந்தது.

இரண்டாவது மேட்ச்சும் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். மூன்றாவதும் அப்படியே.

"தோற்காத அணி" என்று பத்திரிகையில் படம் வந்தது. படத்தில் ஏழு பேர் கண்ணை மூடியிருந்தார்கள்.

நாலாவது மேட்ச்சில்தான் அந்தத் தாய் வந்தாள். பிறந்ததிலிருந்து சரியாகத் தூங்காத குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சும்மா ஒதுங்கியவள். மஞ்சள் வெயில், மெல்லிய காற்று, புல்லில் அங்கங்கே சாய்ந்திருக்கும் நீலச் சட்டைகள், யாரும் உதைக்காமல் தன்னிஷ்டத்துக்கு உருண்டுகொண்டிருக்கும் பந்து. குழந்தை ஒரு கொட்டாவி விட்டது. அப்புறம் மூன்று மணி நேரம் அசையவில்லை. தாய் அங்கேயே அழுதுவிட்டாள்.

அடுத்த வாரம் நாற்பது குழந்தைகள் வந்தன. அதற்கடுத்த வாரம் தூக்கமில்லாமல் வருடக்கணக்கில் தவித்த பெரியவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள், புதிதாகக் கல்யாணம் முறிந்தவர்கள், இரண்டு நீதிபதிகள். அரங்கம் நிரம்பியது. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு நுனிக்காலில் வந்தார்கள். அறிவிப்பாளர் கிசுகிசுவென்று பேசினார். நடுவர் விசிலை உதட்டில் வைத்து மூச்சு மட்டும் விட்டார். எதிரணிகளும் பாதி ஆட்டத்தில் சொக்கிப்போய் உட்கார்ந்தன. மேலே மேகம் நகர்வதும் கீழே எட்டாயிரம் பேர் மூச்சு விடுவதும் தவிர வேறு சத்தமே இல்லை.

மெத்தை விற்பனை எகிறியது. முதலாளி ஸ்டோர் கீப்பரைக் கட்டிக்கொண்டார்.

ஸ்டோர் கீப்பர் மட்டும் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

"ஊரே உங்களைத் தலையில தூக்கி வெச்சு ஆடுது. மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"ஒரு கோல் இல்லையேடி."

"டீ கொடுத்துப் பாருங்களேன். நல்லா ஸ்ட்ராங்கா."

இடைவேளையில் கொடுத்தார். "சூடா உள்ள போனதும் கண்ணு தானா சொக்குது சார்" என்று கேப்டன் நன்றி சொல்லிவிட்டுச் சாய்ந்தார். சரி, சொகுசு அதிகமாகிவிட்டது என்று, அவர்கள் தங்கியிருந்த அறையிலிருந்து கம்பெனி மெத்தைகளை அப்புறப்படுத்தி வெறும் தரையில் படுக்கவைத்தார். ஒரு வாரம் பொட்டுத் தூக்கமில்லாமல் கிடந்தவர்கள், மேட்ச் அன்றைக்கு மைதானத்துக்கு நடந்து வரும்போதே தூங்கிவிட்டார்கள். பதினோரு பேரையும் தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்க வேண்டியதாயிற்று. ரசிகர்கள் பூரித்துப்போனார்கள்.

ஒன்பதாவது மேட்ச்சில் அவர் யோசனைகளையெல்லாம் கைவிட்டுக் கோட்டோரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அன்றுதான் அது நடந்தது.

கேப்டன் எதிரணியின் கோலுக்கு முன்னால் படுத்திருந்தார். யாரோ தள்ளிவிட்ட பந்து அவர் முழங்காலருகே வந்து நின்றது. அந்தப் பக்கத்துக் கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கேப்டன் கனவில் ஏதோ முனகிவிட்டுப் புரண்டு படுத்தார். முழங்கால் பந்தைத் தொட்டது. பந்து மெதுவாக, வெகு மெதுவாக, போகலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து உருண்டு கோட்டைத் தாண்டியது. வலை லேசாக அசைந்தது.

ஸ்டோர் கீப்பருக்கு நாற்பது வருட ஆசை. தன்னை மறந்து அடிவயிற்றிலிருந்து கத்திவிட்டார்.

"கோல்!"

எட்டாயிரம் பேர் திடுக்கிட்டு விழித்தார்கள். முந்நூறு குழந்தைகள் ஒரே நேரத்தில் வீறிட்டன. அந்தச் சத்தம் ஓய ராத்திரியாகிவிட்டது என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். நீதிபதிகளில் ஒருவர் எழுந்து நின்று, "மனுஷனா நீ?" என்று கேட்டார். முதன்முதலில் குழந்தையோடு வந்த அந்தத் தாய் அவரைப் பார்த்த பார்வை, அதற்குப் பேச்சே தேவையில்லை. அரங்கம் பத்து நிமிடத்தில் காலி.

அப்புறம் எல்லாம் சரசரவென்று இறங்கியது. கூட்டம் நின்றது. இவர்களும் கோல் போடுகிறவர்கள்தான் என்று தெரிந்ததும் எதிரணிகளுக்கு மரியாதை போயிற்று. படுத்தவர்களைத் தாண்டிக் குதித்துப் பந்தடித்தார்கள். பத்தாவது மேட்ச்சில் பதினான்குக்குப் பூஜ்யம். பதினோராவதில் இருபத்தொன்று. பன்னிரண்டாவதற்கு முதலாளியே வரவில்லை, சீட்டுதான் வந்தது. 'அணி கலைக்கப்பட்டது. ஸ்டோர் கீப்பர் பழைய இடத்துக்குத் திரும்பவும்.' எண்ணிக்கை சரி, கையெழுத்து சரி.

அவர் ஸ்டோரில் பஞ்சு மூட்டைமேல் உட்கார்ந்தார். ஒரு கோல் போட்டாகிவிட்டது, சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பதினோரு பேரையும் நினைத்தால்தான் வருத்தம். தன் ஆசைக்காக நல்ல ஆட்டக்காரர்களைக் கெடுத்துவிட்டோம், ஓடத் தெரிந்தவர்களைத் தன் மேற்பார்வைதான் இப்படிப் படுக்கவைத்துவிட்டது என்றே அவர் நம்பினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது தரச் சோதனைப் பிரிவின் மேற்பார்வையாளர் அம்மா வாசலில் வந்து நின்றார். ஆறு மாதத்தில் பாதி இளைத்திருந்தார்.

"உங்க டீமைக் கலைச்சிட்டாங்களாமே சார். அந்தப் பதினோரு பேரையும் என்கிட்ட தள்ளிவிடுங்க, உங்களுக்குக் கோடி புண்ணியம்."

"அவங்க ஆட்டக்காரங்கம்மா. உங்களுக்கு எதுக்கு?"

"மெத்தையில படுத்துப் பார்த்துச் சொல்றதுக்குன்னு, உங்க டீம் வந்த அதே நாள்ல எனக்கும் பதினோரு பேரை அனுப்பினாங்க சார். ஒருத்தனாவது அஞ்சு நிமிஷம் படுக்கணுமே. விடிஞ்சா தலையணையை உதைச்சுக்கிட்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டம்தான். திட்டினா நின்னு, 'முதல் மேட்ச் என்னைக்கு மேடம்'னு கேக்குறானுங்க."