மாமனார் காரும் மாப்பிள்ளை சொன்ன சொல்லும்

நெருப்பெரிச்சல்
2-5-1989

பம்பாயில் இருக்கும் மாப்பிள்ளை பொன்னுச்சாமி அவர்களுக்கு, திருப்பூர் நெருப்பெரிச்சலிலிருந்து மச்சான் மணியன் மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும், தங்கள் அக்காள் தெய்வாத்தாளும், கல்யாணப் பெண் சாந்தாமணியும் சுகம். தாங்களும் சுகமாக இருக்க அவினாசியப்பர் துணை செய்யவேண்டும். சுகம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதிவிட்டேன். உண்மை என்னவென்று கீழே வருகிறது. சாப்பிடுவதற்கு முன்னால் படிக்க வேண்டாம்.

தை மாதம் டிரங்கால் போட்டு, வைகாசியில் சாந்தாமணிக்குக் கல்யாணம், தாய்மாமன் வந்து பெண் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும் என்று தங்கள் அக்காள் அழைத்தபோது தாங்கள் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "எங்கப்பன் முகத்தத்தான் பாக்க உடலை. எங்கப்பன் காராவது திருப்பூர் ஸ்டேசனுக்கு வந்து நிக்கட்டும். அன்னைக்கு வர்றேன்." சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டீர்கள். மாமனார் அங்கமுத்துக் கவுண்டர் காலமானபோது நீங்கள் வந்து சேருமுன்பே காரியத்தை முடித்துவிட்டார்கள் என்பது உங்கள் மனதில் இன்னும் எரிகிறது. சித்திரை வெயில், உடம்பு தாங்காது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். ஒரு நாள் வையுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டவள் உங்கள் அக்காள் ஒருத்திதான். அவள் பேச்சை யாரும் கேட்கவில்லை. இது உங்களுக்கும் தெரியும். ஆனாலும் கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டுமே.

கார் ஓடாது என்று தெரிந்துதான் அப்படிச் சொன்னீர்களா, ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டுச் சொன்னீர்களா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. உங்கள் அக்காளுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. "எம் பொறந்தவன் ஒரு சொல்லு சொன்னா சொன்னதுதானுங்க. காரு ஓடோணும், அவ்வளவுதான்" என்றாள். ஒன்றுவிட்ட மாமன் யாரையாவது நிறுத்திப் பட்டம் கட்டிக்கொள்ளலாமே என்று ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு கிடைக்கவில்லை. மறுநாள் டிராக்டரைப் பூட்டிக்கொண்டு மாமனாரின் உடுமலைப்பேட்டை தோட்டத்துக்குப் போனேன்.

கார் செட்டைத் திறந்தோம் என்று எழுதினால் அது பொய். கதவை உடைத்தோம். உள்ளே கூரை வரைக்கும் தேங்காய் மட்டை. நீங்கள் பம்பாய்க்குப் போன வருஷம் காரை உள்ளே விட்டுப் பூட்டின மாமனார், அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லையாம், தோட்டத்து ஆட்கள் சொன்னார்கள். மட்டையெல்லாம் அள்ளி வெளியே போட்டால் அடியில், ஆனைமலை டீ எஸ்டேட் வெள்ளைக்காரன் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன அந்த ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு, கூரை கிடையாது, மூக்கு மட்டும் நீளம். நாலு சக்கரமும் தரையோடு தரை. டிரைவர் சீட்டில் ஒரு கீரி குட்டி போட்டிருந்தது. அது எங்களைப் பார்த்த பார்வையில், வீட்டுக்காரர் அதுதான் என்றும் நாங்கள்தான் காலி செய்ய வேண்டும் என்றும் எனக்குத் தோன்றியது.

காரை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி நெருப்பெரிச்சலுக்குக் கொண்டுவந்து, கோயமுத்தூரிலிருந்து ஒரு ஒர்க்ஷாப்காரரை அழைத்துக் காட்டினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒர்க்ஷாப்பில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போங்கள், தீபாவளி கழித்துச் சொல்கிறேன் என்றார். எந்த வருஷத் தீபாவளி என்று கேட்டதற்கு, ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அதனால்தான் நம் பனியன் கம்பெனியில் நிட்டிங் மெசின் பார்க்கும் பிட்டர் கன்னையனிடம் போனேன். போயிருக்கக் கூடாது. "சுத்தறது எதுவா இருந்தாலும் நான் பாத்துக்கறனுங்க. நம்ம மெசினு ஒரே எடத்துல நின்னு சுத்துது, இது ஓடீட்டே சுத்துது. வேற என்னங்க வித்தியாசம்?" என்று அவன் கேட்டபோது எனக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மாப்பிள்ளை, கல்யாணத்துக்குப் பெண் வைத்திருப்பவனுக்கு அந்த மாதிரி நேரத்தில் எதுவும் தெரியாது.

ஆனால் ஒன்று, கன்னையன் ஆரம்பித்த முறை நல்ல முறைதான். காரை முழுக்கப் பிரித்தான். கழற்றக் கழற்ற ஒவ்வொரு சாமானையும் கட்டிங் டேபிள் மேல் வரிசையாக அடுக்கிக்கொண்டே போனான். கடைசியில் கழற்றினதை முதலில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான் வித்தை, என்றான். டேபிளின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரை கார் படுத்திருந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. நானும் அவனும் டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தால் டேபிள் காலி. பேக்கிங் பெண்கள் எல்லாவற்றையும் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று பிரித்து, பாலித்தீன் கவரில் போட்டு, அட்டைப்பெட்டியில் கட்டி, டேப்பும் ஒட்டிவிட்டார்கள். பேக்கிங் பார்க்கும் வேலாத்தாளைக் கூப்பிட்டு என்ன இது என்றேன். "டேபிள் மேல வெச்சா சைஸ் பிரிச்சுக் கட்டறதுதானுங்க எங்க வேலை? வேண்டாம்னா தரையில வெச்சிருக்கோணும்" என்றாள். பத்து வருஷமாக அப்படிப் பழக்கிவிட்டவன் நான்தானே. பெரிய இஞ்சின் மட்டும் பெட்டியில் அடங்கவில்லையாம், அதன் மேல் எக்ஸ்ட்ரா லார்ஜ் என்று எழுதி ஓரமாக வைத்திருந்தாள்.

அதன் பிறகு கன்னையன் அந்தக் காரை மாட்டினது ஞாபகத்தில் பாதி, ஊகத்தில் பாதி. சைஸ் ஒன்றாக இருந்தால் இடமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று ஒரு கணக்கு வேறு வைத்துக்கொண்டான். எல்லாம் மாட்டி முடித்தபோது ஒரு முறம் நிறைய சாமான் மிச்சம். "வெள்ளக்காரன் எப்பவுமே கொஞ்சம் சேர்த்துத்தானுங்க வெப்பான்" என்றான். நான் நம்பினேன். நம்பாமல் வேறு என்ன செய்வது சொல்லுங்கள்.

கூரை இல்லாத காரில் தாய்மாமனை எப்படி வெயிலில் அழைத்து வருவது என்று தங்கள் அக்காள் கவலைப்பட்டாள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து நம்மிடம் தையலில் இருக்கும் சோணைமுத்து, நான் தைத்துத் தருகிறேன் என்றான். துணி நம்மிடமே இருந்தது. நல்ல ரத்தச் சிவப்பில் பனியன் துணி, வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்று தள்ளிய ஆர்டர். ஏன் தள்ளினான் என்பதை அந்த நேரத்தில் நானும் யோசிக்கவில்லை, சோணைமுத்துவும் யோசிக்கவில்லை. கழுத்துக்கு ரிப் வைத்து, ஓரத்துக்கு ஓவர்லாக் அடித்துப் பிரமாதமாகத் தைத்தான். பின்னால் எதற்கும் இருக்கட்டும் என்று சைஸ் லேபிள்கூட வைத்துவிட்டான்.

போன வெள்ளிக்கிழமை வெள்ளோட்டம். சம்பந்தி ஆத்தப்பன், மாப்பிள்ளைப் பையனின் தகப்பனார், அழைக்காமலே விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார். கூடவே அவர் பங்காளிகள் நாலு பேர், எல்லோரும் சலவை வேட்டி. கம்பெனி வாசலில் காரை நிறுத்தி, விபூதி பூசி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தெய்வாத்தாள் சூடம் காட்டினாள். நான் எதிலும் முன்ஜாக்கிரதைக்காரன் என்று உங்களுக்குத் தெரியும். பிரேக் பிடிக்குமோ பிடிக்காதோ என்று காருக்கு முன்னால் மெயின் ரோடு வரைக்கும் ஒரு ஈ காக்கை இல்லாமல் விரட்டிவிட்டேன். பிள்ளைகளை உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினேன். பெரியவர்களுக்கு ஆபத்தில்லாத இடமாகப் பார்த்து, காருக்குப் பின்னால், வேப்ப மர நிழலில், வரிசையாக நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். குடிக்கக் கலரும் கொடுத்தேன்.

கன்னையன் ஸ்டார்ட் செய்தான். மாப்பிள்ளை, அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஒரு நிமிஷம் எனக்கே கண் கலங்கிவிட்டது, மாமனாரே தொண்டையைச் செருமின மாதிரி இருந்தது. முதல் கியரைப் போட்டு கிளச்சை விட்டான். கார் எலுமிச்சம்பழத்தைத் தொடவே இல்லை. நேராகப் பின்னால் வந்தது. பதறிப்போய் ரெண்டாவது கியரைப் போட்டான். அது இன்னும் வேகமாகப் பின்னால் வந்தது. நாற்காலிகள் ஒரு பக்கம், கலர் பாட்டில்கள் ஒரு பக்கம், பங்காளிகள் நாலு திக்கு. சம்பந்தி எழுந்து ஓடினவர், கட்டிங் வேஸ்ட் துணி குவித்து வைத்திருந்த இடத்தில் தலைகுப்புற விழுந்து உள்ளே போய்விட்டார். செருப்பை வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடித்து இழுத்தோம். கார் வேப்ப மரத்தில் முட்டி நின்றது. மரத்துக்கு நல்ல அடி.

அதோடு நிறுத்தியிருந்தால் பாதிக் கௌரவமாவது மிஞ்சியிருக்கும். கன்னையன் கொஞ்சமும் கலங்காமல் இறங்கி வந்து, "ஒண்ணுமில்லீங்க, பேஸ் மாறிப் போச்சு" என்றான். உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, இங்கே கம்பெனிகளில் மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் ரெண்டு ஒயரை மாற்றிக் கொடுத்தால் போதும், சரியாகச் சுற்றும். தினப்படி நடக்கிற காரியம். அங்கே நின்ற அத்தனை பேரும் கம்பெனிக்காரர்கள். அத்தனை பேரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். சம்பந்திகூட வேட்டியிலிருந்த நூலைத் தட்டிக்கொண்டே, "அதத்தானுங்க நானும் நெனச்சேன்" என்றார். அவர் மனம் குளிரட்டும் என்று அவரையே டிரைவர் பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்து, சிவப்புக் கூரையையும் இழுத்து மாட்டினோம். கன்னையன் பேட்டரியில் ரெண்டு ஒயரையும் இடம் மாற்றிப் பூட்டினான்.

முதலில் ஒரு வாடை வந்தது. பிறகு புகை. பிறகு ஒயர் எல்லாம் சேர்ந்து பற்றிக்கொண்டது. ஆளுக்கொரு குடம், பக்கெட்டு, போர் பைப்பு என்று எல்லோரும் ஊற்றினார்கள். நெருப்பு அணைந்துவிட்டது. ஆனால் பனியன் கூரை தண்ணீரைக் குடித்துவிட்டு, நடுவில் தொங்கி, சம்பந்தியின் தலையில் ஒரு பெரிய பையாக உட்கார்ந்துகொண்டது. அதிலிருந்து சிவப்புச் சாயம் ஒழுகி, அவர் முகம், சட்டை, வேட்டி எல்லாம் இறங்கியது. அவரைக் காரிலிருந்து இறக்கியதைப் பார்த்து ரோட்டில் போன பஸ்ஸே நின்றுவிட்டது. வெளிநாட்டுக்காரன் ஏன் அந்தத் துணியைத் தள்ளினான் என்று அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

சம்பந்தி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "முன்னால போகோணும்னு சூடம் காட்டினது பின்னால போச்சு. இதுக்கு மேல என்னங்க சகுனம் வேணும்? கூடப்பொறந்தவனே ஒதுங்கீட்டான்னு ஊருல பேசிக்கறாங்க. தாய்மாமன் வருவாருங்களா, வரமாட்டாருங்களா, அதை மட்டும் சொல்லுங்க. மாமன் நிக்காத பந்தலுக்கு நாங்க வர்றதா இல்லீங்க" என்றார். நான் துண்டை எடுத்து அவர் வேட்டியைத் துடைக்கப் போனேன், சாயம்தான் இன்னும் பரவியது. சாந்தாமணி ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

தெய்வாத்தாள் தினமும் சாயங்காலம் போய் அந்தக் கரிந்துபோன காரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். நேற்று நானும் போய் நின்றேன். அவளுக்கு ஒன்பது வயதும் உங்களுக்கு நாலு வயதுமாக இருந்தபோது மாமனார் உங்கள் ரெண்டு பேரையும் அந்த ஒரே சீட்டில் ஏற்றிக்கொண்டு உடுமலைச் சந்தைக்குப் போவாராமே. அவள் மடியில் நீங்கள் உட்கார்ந்து, எட்டி எட்டி ஹாரனை அடிப்பீர்களாம். ஊரே வெறுத்துப் போகும் என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழுதுவிட்டாள். எனக்கு அழுகிறவர்களைத் தேற்றத் தெரியாது. கார் கதவைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

ஆகையால் மாப்பிள்ளை, முடிவாக எழுதிவிடுகிறேன். கார் ஓடாது. நான் தோற்றுவிட்டேன். நீங்கள் சொன்ன சொல்லை உங்களுக்குக் காப்பாற்றிக் கொடுக்க என்னால் ஆகவில்லை. சொல்லை மீறி வாருங்கள் என்று கேட்கிற தைரியமும் எனக்கு இல்லை. அதனால் தாங்கள் சிரமப்பட்டு வரவேண்டியதில்லை. சம்பந்தியிடமும், சாந்தாமணியிடமும், எல்லாவற்றையும் விட முக்கியமாகத் தங்கள் அக்காளிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. தங்கள் சம்சாரத்துக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். பம்பாயில் மழைக்காலம் சீக்கிரம் வந்துவிடுமாமே, குடை எடுத்துக்கொண்டு போகவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்,
மணியன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது வாசலில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். மேலே எழுதியதைத் திரும்ப எழுதக் கைவலி, அதனால் வரவேண்டியதில்லை என்ற இடத்தை மட்டும் அடித்துவிட்டுப் படித்துக்கொள்ளவும். கரிந்த ஒயருக்குப் பதிலாக கன்னையன் நிட்டிங் மெசின் ஒயரையே காருக்கு இழுத்துவிட்டான். இஞ்சின் ஓடுகிறது. ஹாரன்கூட அடிக்கிறது. ஆனால் நாலு கியரிலும் பின்னால்தான் போகிறது, ரிவர்ஸ் கியரைப் போட்டால் பல் உடைந்து கத்துகிறதே தவிர எங்கும் போகவில்லை. பின்பக்கத்து அச்சில் ஏதோ ஒன்றை இடம் வலம் மாற்றிப் போட்டுவிட்டானாம், மறுபடி பிரித்தால் வைகாசி போய்விடுமாம். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். உங்கள் அக்காள் கேட்டாள்: "எம் பொறந்தவன் என்னங்க சொன்னான்? அப்பன் காரு ஸ்டேசனுக்கு வந்து நிக்கோணும்னான். முன்னால பாத்துட்டே வரோணும்னு சொன்னானா?" ஆகவே கல்யாணத்துக்கு முந்தின புதன்கிழமை காலை ரயிலுக்கு, நெருப்பெரிச்சலிலிருந்து திருப்பூர் ஸ்டேஷன் வரை, கார் பின்பக்கமாகவே வந்து நிற்கும். முன்னால், அதாவது பின்னால், சோணைமுத்து சைக்கிளில் சிவப்புத் துணி காட்டிக்கொண்டு வருவான். துணிக்குத்தான் நம்மிடம் பஞ்சமில்லையே. கன்னையன் ஓட்டுகிறான், பக்கத்துச் சீட்டில் நான்தான் வருவேன் என்று தெய்வாத்தாள் இப்போதே ஏறி உட்கார்ந்துகொண்டு ஹாரனை அடித்துக்கொண்டிருக்கிறாள். இருப்பது ரெண்டே சீட்டு, திரும்பி வரும்போது உன் தம்பி எங்கே உட்காருவார் என்று கேட்டேன். "எம் மடியிலதான். அவன் எடம் அதுதானுங்களே" என்கிறாள். மாப்பிள்ளைக்கு நாற்பது வயசாச்சு, எண்பது கிலோ இருப்பாரே என்றேன். "இருந்துட்டுப் போகட்டுங்க" என்கிறாள்.